ஆடாம நில்லு

அஞ்சரைக்கே வேன் வந்துவிட்டது.
காசிமேட்டில் ஏலம் பாதி முடிந்திருந்தது.
காக்கிச் சட்டையில் நான் சந்து திரும்பியதும்
விடிய விடிய கேரம் ஆடிய பையன்கள்
காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள்.
"தூ, நம்ம சகாயம்பா."
மறுபடி உட்கார்ந்தார்கள்.

மங்கோலியாவிலிருந்து ஆறு பேர்.
என்னோடு ஜோடி சேர்த்தவள் பெயர் நோமின்.
பட்டியலில் அவளுக்கு எதிரே என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.
அவளுக்கும் பதினேழுதான்.
பூட்ஸ் மட்டும் நல்ல தோல்.
என்னுடையது போன வருடத்து சீனியர் விட்டுப் போனது,
பெருவிரலுக்கு முன்னால் செய்தித்தாள் அரைப் பக்கம்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரவில்லை.
மணலி வாடை ஜன்னலில் ஏறியதும்
மூக்கைத் தொட்டு என்னைப் பார்த்தாள்.
"டெய்லி" என்றேன்.
தன் ஊரில் நிலக்கரிப் புகை என்றாள், குளிர்காலம் முழுக்க.
அதற்கு மேல் இருவர் இங்கிலீஷும் போதவில்லை.

பயிற்சிப் பள்ளியில் கண்ணாடிக்குள் பழைய துப்பாக்கிகள்.
கல்லுக்கு வெள்ளை, மரத்துக்கு வெள்ளை,
நின்றால் எங்களுக்கும் அடித்திருப்பார்கள்.
மேஜர் கேட்டார்: கேள்வி ஏதாவது?
யாரும் வாய் திறக்கவில்லை.
நோமின் கேட்டது அப்புறம்,
மைதானத்தில், உதடு அசையாமல்.

"சாவ்தான்!" குதிகால் அறைந்தோம்.
"விஷ்ராம்!" அகட்டினோம்.
உன் மொழியா?
இல்லை.
உன் மொழியில் என்ன?

மூன்று வருடமாகக் குதிகால் அறைகிறேன்,
தமிழில் யாரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.
இல்லை, ஒருத்தர்.
சலூன் தேவராஜ்.
பேன் தாங்காமல் அண்ணனோடு எனக்கும் மொட்டை போட
அம்மா ஸ்டூல் மேல் ஏற்றி விட்ட நாள்,
கத்தியைத் தண்ணீரில் தோய்த்தபடி சொன்னார்:
"ஆடாம நில்லு, காது பூடும்."

அதையே சொன்னேன்.
காதை விட்டுவிட்டு மீதியை
அவள் நாக்கில் உருட்டிப் பார்த்தாள்:
"ஆதாம் நில்லு."

ஞாயிறு மறைக்கல்வியில்
மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அதே ஆதாம்.
சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கி நாலு சுற்று.
விருந்தாளிக்குத் தண்டனை இல்லை என்றார் ஹவில்தார்.
அதற்குள் அவள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில்
மூச்சிரைப்புக்கு நடுவே தன் சொல்லைச் சொன்னாள்.
தொண்டையில் கிளம்பி எங்கோ மூக்கில் முடிந்தது.
நான் திருப்பிச் சொன்னதும்
சிரிப்பில் ரைஃபிள் அவள் கையிலிருந்து நழுவப் பார்த்தது.
என்ன சொல்லித் தொலைத்தேனோ,
இன்று வரை தெரியாது.

இரவு, வேன் விட்டுவிட்டுப் போனது.
தெருவிளக்கு எரியவில்லை.
சந்து திரும்பினேன்.
பலகை கவிழ்கிற சத்தம்,
செருப்பில்லாத கால்கள் நாலைந்து திசையில்.

"ஆதாம், நில்லு" என்றேன்
இருட்டைப் பார்த்து.