நாலு புள்ளி ஒன்று

ஆடிக் காற்றில்
சர்ச் கல்லறைத் தோட்டத்துச் சைப்ரஸ் சாய்ந்தது.
ஒரு துரையின் சிலுவையும்
போன வருஷம் புதைத்த எலக்ட்ரீஷியன் பீட்டரின்
புது மார்பிளும் உடைந்தன.
கட்டைக்கு ஏலம் நடந்தது.
தழைக்கு யாரும் வரவில்லை.
தழையைத்தான் நான் கேட்டேன்.

கட்டபெட்டுக்குக் கீழே ஓடையோரம்
எங்கள் தைல அடுப்பு.
பத்தொன்பது வருஷமாக யூகலிப்டஸ் தவிர
வேறெதையும் விழுங்காத செம்புக் கலன்.
பிலவேந்திரன் உள்ளே இறங்கி
சோடா போட்டுத் தேய்த்தான், மூன்று நாள்.
நான்காம் நாள் மோந்து பார்த்தோம்.
ஒன்றுமில்லை என்றான்.
எனக்கும் ஒன்றுமில்லை.
இத்தனை வருஷம் தைலப் புகையில் நின்ற மூக்குகள்
வேறென்ன சொல்லும்.

எண்பது கிலோ தழை.
இலை என்று சொல்ல முடியாது,
பச்சை நூலில் யாரோ அவசரமாகப் போட்ட பின்னல்.
ஆறு மணி நேர ஆவி குளிர்ந்து
ஒரு குவார்ட்டர் பாட்டில் நிரம்பியது,
மீதி முப்பது மில்லி.
சீவிய பென்சில், எலுமிச்சைத் தோல்,
அடியில் மிளகு மாதிரி ஏதோ.
சாயங்காலம் எனக்குத் தலை இடித்தது.
அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் கவுஸ் பாய்
கோவை லேபுக்கு அனுப்பினார் பத்து மில்லி.
அறிக்கை போனில் வந்தது:
ஒரு நேர்கோட்டின் மேல்
திடீர் திடீரென்று ஊசிகள்.
எங்கள் ஹட்டிப் பிள்ளைகள் மலையை இப்படி வரைய மாட்டார்கள்.
எங்களுடையவை
எருமை படுத்தாற்போல் முதுகு வளைந்தவை.

முதல் ஊசி ஆல்ஃபா பைனீன், இருபத்தொன்று.
பந்திக்கு முந்துகிற ஆள்.
ஒட்டினாற்போல் சபினீன், பதினான்கு.
லிமோனீன் ஒன்பது.
ஆரஞ்சுத் தோலில் இருப்பது
கல்லறை மரத்துக்கு எதற்கு?
அம்பெல்லுலோன் பதினாறு,
எதிரே சின்ன எழுத்தில்: தலைவலி தரக்கூடும்.
என் வலிக்கு இவ்வளவு நீளமான பெயர் உண்டென்று
மெடிக்கல் ஷாப்பில் யாரும் சொன்னதில்லை.
எல்லாரும் போன பிறகு
நாற்காலி மடிக்க வருகிறவனைப் போல
சாவகாசமாக, செட்ரால்.

நடுவில் அது.
சினியோல், நாலு புள்ளி ஒன்று.
"யூகலிப்டஸ் கலந்தியா மாதி?"
கலக்கவில்லை பாய்.
கழுவினோம் பாய்.
சோடா, தேங்காய் நார், மூன்று நாள் பாய்.
"கழுவினது காகிதத்துல தெரியலையே."
சுத்தமென்றால் ஒரு விலை.
இல்லையென்றால்
பினாயில் கம்பெனிக்காரன் சொல்கிற விலை.

இரவு மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.
என் மூச்சே வட்டமடித்துத் திரும்பியது.
ரிவெட்டுகளின் இடுக்கில்,
குழாய் மடங்கும் முழங்கையில்
எங்கோ உட்கார்ந்திருக்கிறது,
மகளுக்கு ஃபீஸ் கட்டிய எண்ணெய்,
கோர்ட்டில் நிலத்துக்காகச் செலவழிந்த எண்ணெய்,
ஒரு தடவை கொதித்துச் சிந்தி
பிலவேந்திரனின் முழங்காலைத் தின்ற எண்ணெய்.

அறிக்கையின் கடைசி வரி:
அடையாளம் தெரியாதவை, இரண்டு புள்ளி ஆறு.
அதைப் பற்றி பாய் கேட்கவே இல்லை.
பேர் தெரிந்ததன் மேல்தான் வழக்கு.

ஞாயிற்றுக்கிழமை
வெள்ளை சிமெண்ட் குழைத்து
பீட்டரின் மார்பிளை ஒட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.
உடைந்த ஒரு துண்டைப் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்த கையை மோந்தாள்.
"இன்னைக்கும் யூகலிப்டஸா?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்து,
நாலு புள்ளி ஒன்று
என்றேன்.