மூன்று நானோமீட்டர் இடுக்கு

குகிஸ்பேர்க், மைனஸ் எட்டு.
தொலைநோக்கியின் கழுத்தில் சூட்டுப் பட்டி;
என் கழுத்தில் ஒன்றுமில்லை,
மப்ளரைப் பேட்டரிக்குச் சுற்றிவிட்டேன்.

நீலம், பச்சை, சாதாரணச் சிவப்பு
நேற்றே எடுத்தாயிற்று.
அவற்றில் அந்த மண்டலம்
சாய்ந்து கிடக்கும் ஒரு கீற்று, பரம சாது.
இன்று ஹைட்ரஜன் ஒளி மட்டும் நுழையும் வடிகட்டி.
பத்து நிமிடத்துக்கு ஒரு படம்,
ஒவ்வொன்றும்
அடிப்பிடித்த சட்டிபோல் கருப்பு.

நாலு மணிக்கு ஹொஸ்டெட்லரின்
மாட்டுக்கொட்டகை விளக்கு
பளிச்.
"போச்சு" என்றேன், தமிழில்.
என்ன புரிந்ததோ, வந்து திரையைப் பார்த்தார்.
இருபத்திரண்டு படங்களை அடுக்கியதில்
கீற்றின் நடுவிலிருந்து இருபுறமும்
பீறிட்டு நின்றது ஏதோ.
"மாடு மூச்சு விடுது" என்றார்,
தன் வாயிலும் ஆவி பறக்க.

கோடியே இருபது லட்சம் ஆண்டு
வழியில் இருந்த மூச்சு.
நேற்றைய படங்களில் சுவடே தெரியவில்லை.

சிவப்பா இருக்குமா, கேட்டார்.
கேமராவுக்கு நிறம் தெரியாது,
சிவப்பை நான்தான் பிறகு பூசுவேன்.
"அப்ப பொய்யா?"

பதிலைத் தேடுவதற்குள்
கொட்டகையில் ஒன்று கத்தியது.
போனார்.
விளக்கு அணைந்தது.
இருட்டுக்குள்ளேயே
கறவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.