பதினொரு சென்டிமீட்டர்

காலை ஏழு மணிக்குத் துளைப்பானோடு இறங்குகிறேன்.
இரவெல்லாம் முனகிய ஏரி
இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறது.
கோரைகள் கண்ணாடிக்குள் நிற்கின்றன.
முதல் துளை கரையோரம்.
இரண்டாவது சிவப்புக் கழியடியில்.
மூன்றாவதில் கறுப்புத் தண்ணீர்
குபுக்கென்று மேலேறி
என் பூட்ஸைப் பார்த்துவிட்டு நின்றுகொள்கிறது.

பனியின் கனத்தை அளந்து
படகுத்துறைப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவது
அரசாங்கம் எனக்குத் தந்த வேலை.
இன்று பதினொன்று.
ஆள் போகலாம் என்பார் சிலர். வண்டி கூடாது.
ஏரியின் நடுவே மிதவைகளுக்கு அப்பால்
வேறொரு நாடு இருக்கிறது;
அங்கேயும் ஒருத்தி துளைப்பானோடு இறங்கியிருப்பாள்.
அவளுக்கும் பதினொன்றுதான் வந்திருக்கும்.

சிலுவையிட இரண்டு விரலா மூன்று விரலா என்று
தலைகள் உருண்ட காலத்தில்
இரண்டே போதும் என்றவர்கள்
ஐகான்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு
இந்தக் கரைக்கு வந்தார்கள்.
ஒரே தெரு. ஏழு கிலோமீட்டர்.
இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வெங்காயப் பாத்தி,
அதற்கப்பால் தண்ணீர்.
"ஜாருக்கே மடக்காத விரல்" என்கிறான் ஸினோவி,
பலகையைப் படித்துவிட்டு,
"உன் சாக்கட்டிக்கா மடங்கும்?"

அவன் வண்டிக்குக் கரகாட் என்று பெயர்.
லாரியின் உள்ட்யூப் நான்கு,
மோட்டார்சைக்கிள் எஞ்சின், பேருந்திலிருந்து பிடுங்கிய இருக்கை.
பெயருக்கேற்ற ஆட்டம்.
குலுங்கிக் குலுங்கிப் போய்
வெள்ளையில் ஒரு மிளகாய் விதையாகி
இல்லாமல் போனான்.

இரண்டு மணிக்கு மேற்குக் காற்று எழுந்தது.
கரைக்கும் பனிக்கும் நடுவே
முதலில் ஒரு நூல்,
பிறகு ஒரு வாய்க்கால்,
பிறகு படகு விடலாம் போல ஒரு கறுப்பு.
பாளம் முழுவதும் கிழக்கே நகர்ந்தது,
பாஸ்போர்ட் இல்லாமல்.

எல்லைக் காவலுக்குப் போன் செய்தேன்.
தெருவெல்லாம் வந்தது:
ஏணி, கயிறு, தட்டைப்படகு, ஃபிளாஸ்க்கில் தேநீர்,
அவன் திருப்பித் தராத வெல்டிங் மெஷினைப் பற்றிய
ஒரு பழைய சண்டை.
பிமென் பலகையைக் காட்டி
"எழுதித்தானே இருக்கிறது" என்றான்.
ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

மாவ்ரா வரவில்லை.
கொட்டகையில் உட்கார்ந்து
புருஷனைத் தூக்கிப்போன ஏரிக்கு முதுகு காட்டி
அழுகிய வெங்காயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
உரித்தால் ஒன்றுமில்லை என்று வெங்காயத்தைச் சொல்வார்கள்.
உரிக்காமல் வைத்தால்
பள்ளிக்கூடச் சப்பாத்து இருக்கிறது அதில்,
விறகு இருக்கிறது, பல்வைத்தியர் இருக்கிறார்.
ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்தாள்.
நல்லது இந்தக் கூடை. கெட்டது அந்தக் கூடை.
நான் வாசலில் நின்றேன்.
"எவ்வளவு?" என்றாள்.
"பதினொன்று."
கையிலிருந்ததை
எந்தக் கூடையில் போடுவதென்று
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

ஒன்பதரைக்கு முதலில் இருமல் கேட்டது.
மனித இருமல் இல்லை, எஞ்சின்.
பிளவின் விளிம்பில் விளக்கொன்று தயங்கியது,
பிறகு தண்ணீரிலேயே இறங்கிவிட்டது.
உள்ட்யூப் மிதக்கும் என்பதை
பயத்தில் எல்லோரும் மறந்திருந்தோம்.
குளியல்தொட்டியில் வாத்துப் பொம்மை போல
சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தான் ஸினோவி;
மீசையில் பனி, இரண்டு பெட்டி மீன்.
யாரோ சிரித்தார்கள். யாரோ அடித்தார்கள்.
நான் அபராதச் சீட்டு எழுதினேன்.
பேனா உறைந்திருந்தது,
வாயில் வைத்து ஊதி ஊதி எழுதினேன்.

மறுநாள் கடுங்குளிர்.
மூன்று துளையிலும் பதினைந்து.
காற்று செத்துக் கிடந்தது,
ஏரி மீண்டும் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.
எழுதிவிட்டுத் திரும்பியபோது
மாவ்ரா ஈரத்துணியோடு வந்தாள்.
என் எண்ணைத் துடைத்தாள்.
சாக்கட்டியை என் கையிலிருந்தே எடுத்து
பெரிதாக, வெங்காயம் போல வட்டமாக,
ஒரு பூஜ்ஜியம் போட்டாள்.

அரசாங்கப் பதிவைத் திருத்துவது குற்றம்.
சட்டப் பிரிவுகூட எனக்குத் தெரியும்.

ஸினோவி வந்தான்.
பலகையைப் பார்த்தான்,
வெயிலில் இரும்பாய் மின்னும் ஏரியைப் பார்த்தான்,
அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தான்.
"இன்றைக்குப் பனியே இல்லை போலிருக்கிறது"
என்றான் என்னிடம்.
"இல்லை" என்றேன்.
வெல்டிங் மெஷினைத் தேடப் போனான்.