கல் கழித்தது போக

கும் எய்த்தின் சுரங்கத்தில்
இத்தெல் ப்ராசருக்குப் பிறகு
எடைக் கூண்டில் உட்கார்ந்தவன் நான்.
குழியிலிருந்து மேலேறும் ஒவ்வொரு தொட்டியையும்
கம்பெனி ஆள் நிறுப்பான்;
அவன் நிறுத்தது சரியா என்று பார்க்க
எங்கள் காசில் எங்களுக்கென்று ஓர் ஆள்.

"கல்லுக்கு இரண்டு அந்தர் கழிவு" என்பான் அவன்.
இத்தெல் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வான்.
மழையில் மண்டியிட்டுக்
கல்லைத் தனியே பொறுக்கித்
தட்டில் வைப்பான்.
ஒன்றேகால்.

அந்த முக்கால் அந்தருக்காக
ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் இறங்கவில்லை.
நாற்காலிக் கால்களை எரித்தோம்.
ஜெபவீட்டின் பின்கட்டில் பட்டாணிக் கஞ்சி.
வரிசையில் கடைசி ஆள் இத்தெல்;
அண்டா சுரண்டும் சத்தம் கேட்ட பிறகுதான்
கிண்ணத்தை நீட்டுவான்.
வென்றோம். முழுதாக இல்லை,
அரை அந்தர்.

லண்டனுக்கு அவனை அனுப்பியதும் நாங்கள்தான்.
கோட்டு, கூட்டுறவுக் கடையில் கடன்.
"இங்கே யாரும் எதையும் நிறுத்துப் பார்ப்பதில்லை"
என்று எழுதினான் முதல் கடிதத்தில்,
வெல்ஷில், மை ஒழுகும் பேனாவால்.
இரண்டாவது கடிதம் தட்டச்சில் வந்தது.

பதினாறு வருஷம் போனது.
மந்திரியாக வந்து
தொழிலாளர் மன்றத்து மேடையில் நின்றான்.
கையில் மூடப்போகும் சுரங்கங்களின் பட்டியல்,
நாலாவது வரியில் நாங்கள்.
டன்னுக்கு இத்தனை ஷில்லிங் நஷ்டம் என்றான்.
மோர்வித் பெய்னன் எழுந்தாள்,
இரண்டு பிள்ளைகளைக் குழிக்குக் கொடுத்தவள்.
"கல்லைக் கழிச்சியா, இத்தெல்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
துடைத்துக்கொண்டே இருந்தான்.

அந்தத் தாளை வாங்கிவந்து
விடியும்வரை கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு சரியாக இருந்தது.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மன்றத்துச் சுவரில் தொங்கும் ஓவியத்தில்
அவன் நெற்றி துடைத்த பீங்கான் மாதிரி.
பெட்டியை மூடுமுன் குனிந்து பார்த்தேன்:
இருபது வயதில் கூரைக் கல் விழுந்த இடம்,
புருவத்துக்கு மேலே,
ஆறிய காயத்துக்குள் தங்கிவிட்ட கரித்தூள்.
நிலம் குத்திவிட்ட பச்சை.
இருந்தது.

ஆறு பேர் தூக்கினோம்.
செங்குத்துப் பாதை, மேலே கல்லறைத் தோட்டம்.
வேண்டாம் என்றாலும் தோள் கணக்குப் போடுகிறது:
இரண்டேகால் அந்தர்.
இதில் பெட்டியைக் கழிக்க வேண்டும்.
எவ்வளவு என்று தெரியவில்லை.
ஓக் மரம்.
லண்டனில் செய்தது.