உத்திராபதி காப்பி 2

நீடாமங்கலம் கேட் போட்டிருந்த நேரம்
முதல் வீட்டுக்காரர்கள் லாரியிலிருந்து இறங்கி வந்தார்கள்.
மூன்று மகன்கள், ஒரு லைசென்ஸ் போட்டோ.
"காலையில ஒட்டணும். நூறு போஸ்டர்.
மூஞ்சி தெளிவா வரணும்."

பெரிதாக்கினேன்.
பதர் பதராகச் சிதறினார் உத்திராபதி.
கன்னத்தில் பாதி முத்திரை
கண்ணோரம் ஸ்டேப்ளர் ஓட்டை.

கேட் திறந்து, மறுபடி போட்ட பிறகு
கொரடாச்சேரியிலிருந்து இன்னொரு வீடு வந்தது.
ஒரு பெண், பள்ளிச் சீருடையில் ஒரு மகள்.
செல்போனில் ஒரு படம்:
வெண்ணாற்றுப் படித்துறையில்
சட்டையில்லாமல், கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிற
அதே உத்திராபதி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவள்
"உங்களுக்கு இவர் என்ன வேணும்" என்று
வாய் திறந்து கேட்கக் கூடாது.
அவர்களே எழுதித் தருவார்கள்.
இரண்டு சீட்டிலும் எழுதியிருந்தது:
'அன்பு மனைவி'. ஒருமையில்.

பென் டூலால் ஓரம் வெட்டினேன்.
தோள்மேல் நாலு சின்ன விரல்கள் மிச்சமிருந்தன.
முதுகுக்குப் பின்னால் மகள் நின்றிருக்கிறாள்.
எங்கள் கடையில் ஒரு வெள்ளைச் சட்டை லேயர் உண்டு,
இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் பாதிப்பேர்
இறந்தபின் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.
அதை மேலே இழுத்துப் போட்டதும் விரல்கள் மறைந்தன.
அழிக்கவில்லை.
மறைந்தன, அவ்வளவுதான்.

பிறகு அதைச் செய்தேன்.
லைசென்ஸ் முகத்தின் கண் குறியை அணைத்துவிட்டு
சிரிக்கிற முகத்தை அங்கேயும் வைத்தேன்.
லேயருக்குத் தானாகவே பெயர் விழுந்தது:
உத்திராபதி காப்பி 2.

கல்லணையில் வந்து நிற்பது ஒரே தண்ணீர்தான்.
காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரித்துவிட்ட பின்
எந்த வயலும் இது யார் தண்ணீர் என்று கேட்பதில்லை
என்று எழுத எனக்கும் ஆசைதான்.
கேட்பார்கள்.
மண்வெட்டியோடு வந்து கேட்பார்கள்.

மூத்தவன் மானிட்டரைத் தொட்டான்.
"இது எந்தப் படம்?
அப்பா இப்புடிச் சிரிச்சு நாங்க பாத்ததே இல்லயே."
"கம்ப்யூட்டர்ல சரி பண்ணுனது" என்றேன்.
கொஞ்சநேரம் பேசாமல் நின்றான்.
"பன்னெண்டுக்குப் பதினெட்டுல
இதையே ஒரு சட்டம் போட்டுக் குடுத்துரும்மா."
அட்வான்ஸை எண்ணும்போது ஒரு நோட்டு கூடுதலாக வைத்தான்.
நான் திருப்பித் தரவில்லை.

கேட் ஓரச் சுவரில் காலையில் அவர்கள் ஒட்டினார்கள்.
மத்தியானம் இவர்கள் ஒட்டினார்கள், அதன் மேலேயே.
தெரியாமலா, தெரிந்தேதானா, எனக்குத் தெரியாது.
சாயங்காலம் ஐப்பசி மழை.

மல்டிப்ளை என்று ஒரு மோட் இருக்கிறது.
வெளுப்பெல்லாம் காணாமல் போகும்,
கறுப்பு மட்டும் அடியிலிருந்தும் மேலேறி நிற்கும்.
மைதாப் பசையும் மழையும் அதைத்தான் செய்தன.
காசாம்பு என்கிற பெயருக்குள் தமயந்தி.
மகன்கள் மூவரின் வரிசையில் நாலாவதாக அந்தப் பெண்.
இரண்டு சிரிப்பு, அரை அங்குலம் தள்ளித் தள்ளி,
ஆள் தலையை ஆட்டியது மாதிரி.

கேட் போட்டால் இருபது நிமிஷம்.
பைக்கை அணைத்துவிட்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு
ஊர் முழுக்கப் படித்தது.

பக்கிரிசாமி அண்ணன் சொல்கிறார்:
"ஜரினா, டிஸ்க் ரொம்பிப்போச்சு.
பழசெல்லாம் ஃபிளாட்டன் பண்ணி ஜேபெக்கா வச்சிரு."
செய்கிறேன்.
கல்யாணங்கள், காதுகுத்துகள், ஒரு கும்பாபிஷேகம்,
எல்லாம் ஒரே தாளாகத் தட்டையாகின்றன.
இனி யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்க முடியாது.

இந்த ஒன்றை மட்டும் திறக்கிறேன், மூடுகிறேன்.
ஒன்றாக்கவா என்று கேட்கிறது.
வேண்டாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
சட்டைக்கு அடியில்
நாலு விரல்.