கடுகு மஞ்சள்

மார்ச்சில் கையெழுத்திட்டாள் ஃப்ராவ் எஷ்லிமான்,
பால் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
நிறப் புத்தகத்தின் கடைசித் தாளில்
யாரும் கேட்காத கடுகு மஞ்சள்மேல்
விரலை வைத்து, "இதுதான்" என்றாள்.
கையால் மாற்றும் கியர்.
சூடாகும் இருக்கை வேண்டாம்.
பின்கண்ணாடிக்குத் துடைப்பான் கட்டாயம்.
நான் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.
நாலாம் தடவை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

எட்டு மாதம்.
ஒரு நாளும் தொலைபேசி எடுக்கவில்லை.
வியாழன்தோறும் ஐந்தேகாலுக்கு
லிசாக் வீதியில் ஒரு சைக்கிள் மெதுவாகும்,
ஒரு கால் தரையில் ஊன்றும்.
கண்ணாடிக்கு வெளியே நின்று எங்கள் கூடத்தைப் பார்ப்பாள்.
நான் தலையை இடவலமாய் ஆட்டுவேன்.
அவள் மேலும் கீழுமாய் ஆட்டுவாள்.
புர்க்டோர்ஃபில் இதற்கு மேல் யாரும் கெஞ்சுவதில்லை.

நவம்பர், ஒரு செவ்வாய், வந்திறங்கியது.
லாரிக்காரன் தந்த தாளில் ஏழு கிலோமீட்டர்.
இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை,
ஸ்டியரிங்கில் வெள்ளைத் தாள்.
அவளுக்கு அழைத்துச் சொன்னேன்: சனி, நாலு மணி.
கதவை நான் திறக்கவில்லை.
பந்தியில் ஒருவர் பெயருக்கு இலை போட்டாயிற்று.
அவர் கை கழுவிவிட்டு வரும்வரை
பக்கத்து இலைக்காரர் ஈ ஓட்டலாம்,
உப்பைத் தொடக் கூடாது.

முதலாளி ஊர்ஸுக்கு வேறு கணக்கு.
"வாகீ, மஞ்சள் ஆட்களை இழுக்கும்.
சனிக்கிழமை முன்னால் நிறுத்து."
"விற்றாயிற்றே."
"பார்வைக்குத்தானே."

பார்வை கண்ணில்தான் தொடங்கியது.
பிறகு கைப்பிடி.
பிறகு ஒரு பையன் ஹார்னை அமுக்கினான்.
உறைகளை ஊர்ஸே உருவி எறிந்தார்,
மத்தியானம் சாப்பிட அதிலேயே போய்வந்தார்.
மீட்டரில் இருபத்து மூன்று.
"இதற்கு ஆள் இருக்கிறது" என்றெழுதி
முன்கண்ணாடியில் ஒட்டினேன்.
அந்தத் தாள் எப்போது காணாமல் போனதோ.

மூன்றரைக்குத் தூனிலிருந்து ஒருவர்,
நெட்டைக் கால்கள்.
இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்துகொண்டார்.
"இரண்டாயிரம் ஃபிராங்க் கூடத் தருகிறேன். இன்றைக்கே."
ஊர்ஸின் பேனா மூடி திறந்தது.
என் காதோடு சொன்னார்:
"கப்பல் தாமதம் என்று சொல்லிவிடு அவளிடம்."

கடலே இல்லாத நாட்டில்
எல்லாப் பொய்யும் கப்பலில்தான் வருகிறது.

நாலு மணிக்கு சைக்கிள் நின்றது.
எட்டு மாதத்தில் முதல் தடவையாக உள்ளே வந்தாள்.
கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்தாள், இரண்டையும்.
கையில் துணிப்பை, அதற்குள்
எண்தகடுகள் ஒன்றோடொன்று உரசின.
வங்கி வரிசையில் நிற்பதுபோல வண்டியருகே நின்றாள்.
தூன்காரர் இறங்கியதும் கேட்டாள்:
"இருக்கை வசதியாக இருக்கிறதா?"
"அருமை."
"நல்லது. நான் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை."

அவர் காது சிவந்தது.
ஊர்ஸ் பேனாவைச் சட்டைப்பையில் தேடினார்,
அது கையில் இருந்தது.

இருபத்து மூன்றைச் சொன்னேன்.
பதினாறு எந்த உணவகத்துக்குப் போயிற்று என்பதையும் சொன்னேன்.
வெயில்தடுப்பின் சின்னக் கண்ணாடியில்
ஒரு மெல்லிய படலம் மட்டும்
யார் கண்ணிலும் படாமல் மிஞ்சியிருந்தது.
அதைக் காட்டினேன்.
நகத்தால் மூலையைக் கிளப்பி
மிக மெதுவாக உரித்தாள்.
அந்தச் சத்தம் முடியும்வரை கூடத்தில் யாரும் பேசவில்லை.

பிறகு இருக்கையை
டக், டக், டக்கென்று முன்னுக்கு இழுத்தாள்.
பின்கதவைத் திறந்து
மழையில் நனைந்த சைக்கிளை,
எம்மே ஆற்றங்கரைச் சேற்றோடு, சங்கிலி எண்ணெயோடு,
அப்படியே உள்ளே படுக்கவைத்தாள்.
விரிக்க நான் துணி கொண்டு ஓடினேன்.
"வேண்டாம்" என்றாள்.

மஞ்சள் திருப்பத்தில் மறைந்ததும்
தூன்காரர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.
"அதே நிறம். எவ்வளவு நாள் ஆகும்?"
"எட்டு மாதம்."
யோசித்தார். குரலைத் தாழ்த்தினார்.
"வந்த பிறகு
யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வீர்களா?"

ஊர்ஸ் அந்தப் பக்கம் திரும்பி
துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.