ஓர் எல் குறைவு

ஐந்தாம் நாளாகப் படகு இல்லை.
காற்றாலையில் பழுதுபார்க்க வந்தவன் நான்.
எந்தக் காற்றை நம்பிச் சம்பளம் வாங்குகிறேனோ
அதே காற்று என்னைத் தீவில் பிடித்துவைத்திருக்கிறது.

ஓர்க்னியின் வடக்கு ஓரம்.
மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.
இங்கே ஆடுகள்
காற்றுக்கு முதுகைக் காட்டியபடியே பிறக்கும்போல.

துறைமுக அறையின் கரும்பலகையில்
டிக்கெட் கிழிக்கும் ஃபூபிஸ்டர்
சாய்வெழுத்தில் எழுதுகிறார்:
நாளை காலை ஏழரைக்கு, ஹோப்ஃபுலி, படகு வரும்.

தோரா ட்ரெவர் வருகிறாள்.
அபர்டீனில் ஒரு பத்திரிகையில்
பதினேழு வருடம் பிழை திருத்தியவள்.
கையுறையைக் கழற்றாமலே
அந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்கிறாள்.

"யார் நம்புவது, ஃபூபிஸ்டர்?
அது வினையடை. வருகிறதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
நீ எழுதியிருப்பதைப் பார்த்தால்
படகுதான் நெஞ்சு நிறைய நம்பிக்கையோடு வருகிறது.
இரும்பு. டீசல். இரண்டு மாட்டு லாரி."

"வரட்டுமே," என்கிறார்,
"யாராவது ஒருத்தர் நம்பணுமில்லையா."

மறுநாளும் எழுதினார். அவளும் அழித்தாள்.
அதற்கு மறுநாள், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் எழுதினார்;
நாற்காலி போட்டு ஏறி அழித்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.
என் மொழியில் அந்தச் சொல்லுக்கென்று
தனியாக நாற்காலி போடுவதில்லை.
வருமா என்று கேட்டால்
வந்துவிடும் என்போம்.
அந்த 'விடும்' இருக்கிறதே,
கொஞ்சம் பொய், கொஞ்சம் முதுகில் தட்டல்,
மிச்சம் என்ன என்று எனக்கே தெரியாது.
யார் நம்புகிறார்கள் என்று
இதுவரை எவரும் அதை நிறுத்திக் கேட்டதில்லை.

கடையில் பால் தீர்ந்தது. பிறகு ரொட்டி.
பிறகு, ஏனோ, மெழுகுவத்தி.

தீவில் செல்போன் கேட்பது அந்த அறையில் மட்டும்தான்,
அதுவும் ஜன்னலோரம், அதுவும் ஒலிபெருக்கியில் போட்டால்.
ஆறாம் நாள் மதியம்
கர்க்வால் ஆஸ்பத்திரியிலிருந்து தோராவுக்கு அழைப்பு.
எய்னாரின் வயிற்றைத் திறந்து மூடியாயிற்று.
இளம் குரல், தூக்கமில்லாத குரல்:
"கட்டியை முழுசாக எடுத்திருக்கிறோம், ஹோப்ஃபுலி."

ஃபூபிஸ்டர் டிக்கெட் கட்டை எண்ணத் தொடங்கினார்,
ஏற்கெனவே எண்ணிய கட்டை.
நான் கடலைப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது.

யார் நம்புவது?
மருத்துவரா, கத்தியா, தையலா,
ஆய்வகத்துக்குப் போயிருக்கும் சதைத்துண்டா?
தோரா கேட்கவில்லை.
"சரி," என்றாள்.
"சரி. நன்றி," என்றாள்.
அணைந்த போனை இன்னும் கொஞ்ச நேரம்
காதோரம் வைத்திருந்தாள்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஃபூபிஸ்டர் பலகைக்கு முன் வெகுநேரம் நின்றார்.
எழுதுவதா, விடுவதா.
கடைசியில் எழுதினார்.
அவசரத்தில், அல்லது கூச்சத்தில்,
அந்தச் சொல்லின் இரண்டு எல்களில் ஒன்றை விழுங்கிவிட்டார்.

தோரா எழுந்தாள்.
முதன்முறையாகக் கையுறையைக் கழற்றினாள்.
அவர் துடைப்பானை எடுத்து அவளிடம் நீட்டினார்.
அவள் சாக்பீஸை எடுத்தாள்.

இடமில்லாத இடத்தில்
ஒடுக்கமாக, செங்குத்தாக, ஒரே கோடு.
விட்டுப்போன எல்.

எங்கள் பழைய தமிழில்
எல் என்றால் வெளிச்சம், பகல்.
சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஏழரைக்கு
அங்கே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும்.